பொட்டு வைத்த ஷூ

24 செப்டம்பர் 2003, புதன்
காலையில் தூறல். அல்சூர் ஏரிக்கரையில் இருபது நிமிடம் மெதுவோட்டம். கணைக்கால் எலும்பு முணுமுணுத்தது, கத்தவில்லை. ஏப்ரலில் விழுந்த மயிரிழை விரிசல் ஒட்டிவிட்டது என்று எக்ஸ்ரே சொல்கிறது. கால் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சாயங்காலம் பிசியோதெரபி மேரி மேடம். பாதத்தைத் தண்ணீரில் நனைத்துப் பேப்பரில் மிதிக்கச் சொன்னார். தோசைக்கல் மாதிரி முழுசாகப் பதிந்தது. நடுவில் வளைவே இல்லை. “பாத்தியா விஜயா, ஓடும்போது உன் கால் உள்பக்கமா சாயுது. அந்த பாரம் முழுக்க இந்த எலும்பு மேல வருது.” சீட்டில் எழுதிக் கொடுத்தார்: ஸ்டெபிலிட்டி ஷூ. உள்பக்கம் கெட்டியாக இருக்க வேண்டும். முறுக்கினால் வளையக் கூடாது. குதிகாலைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

பதினைந்து வருடமாகத் தொழிற்சாலை ஸ்டோரில் கொடுத்த ஆம்பிளை ஷூவில் பஞ்சு அடைத்து ஓடியிருக்கிறேன். சொன்னதும் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 18ஆம் தேதி தேர்வு ஓட்டம். 5000 மீட்டர், முதல் மூன்று பேர் தொழிற்சாலை டீமில். போன வருடம் நான் இல்லை. இந்த வருடமும் இல்லை என்றால் ஸ்போர்ட்ஸ் லிஸ்டிலிருந்து பெயர் போய்விடும். பயிற்சிக்கான அரை நாளும் போகும். அப்புறம் அசெம்பிளி பெஞ்சில் உட்கார்ந்து ரிடையர் ஆக வேண்டியதுதான். ஸ்போர்ட்ஸ் ஆபீசர் பசவராஜ் சார் கான்டீனில் வைத்தே கன்னடத்தில் சொல்லிவிட்டார், “விஜயம்மா, ஏஜ் ஆய்த்து, சாக்கு பிடி.” வயதாகிவிட்டதாம், போதுமாம், விட்டுவிட வேண்டுமாம். முப்பத்தேழு. சிரித்து வைத்தேன். சாம்பாரை மிச்சம் வைத்து எழுந்தேன்.

30 செப்டம்பர், செவ்வாய்
கமர்ஷியல் தெரு. மூன்று கடை ஏறி இறங்கியாயிற்று. நாலாவது கடையில் நீல ஷூ. கட்டை விரலால் அமுக்கினேன், பஞ்சு மெத்தை. காலில் போட்டதும் ஐந்து மாத வலிக்கு யாரோ மன்னிப்புக் கேட்ட மாதிரி இருந்தது. சீட்டைக் காட்டினேன். “எல்லாம் ஒண்ணேதான் மேடம், கலர் மட்டும் வேற,” என்றான் விற்பனைக்காரன்.

முறுக்கிப் பார்க்க மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை. வளைந்துவிடுமோ என்று பயம். விலையை இங்கே எழுத மாட்டேன், என் வீட்டுக்காரர் சேகர் இந்த நோட்டைப் பார்த்துவிட்டால்?

4 அக்டோபர், சனி. ஆயுத பூஜை
வெயில். வாங்க வேண்டியவை: பூசணிக்காய், எலுமிச்சை ஆறு, கதம்பம் நாலு முழம், பொரி.

புது ஷூவை இன்னும் போடவில்லை. பூஜை போடாமல் புதுசை எப்படி ஓட்டுவது? சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைக்கப் போனேன். சேகர் குதித்தார்.

“செருப்ப போயி சாமிகிட்ட வெப்பியா? இன்னாடி இது!”

“உங்க ஆட்டோ டயரு நேத்து எதுல போச்சு? சாணியிலதான? அதுக்கு மட்டும் மாலை, எலுமிச்சம்பழம். எனக்கு வேலை வாங்கிக் குடுத்தது ஓட்டம். ஓட்டத்துக்கு ஆயுதம் இதாங்க.”

வாசலில் நின்ற ஆட்டோவை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு சமரசம்: வீட்டுக்குள் வேண்டாம், தெருவில் ஆட்டோ பக்கத்தில் வைத்துக்கொள். முன் சக்கரத்தை ஒட்டிப் பேப்பர் விரித்து வைத்தேன். இரண்டு மூக்கிலும் சந்தனம், குங்குமம். சூடம் காட்டும்போது ஷூவுக்கும் ஒரு சுற்று காட்டினார் மனுஷன். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

இன்றைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது. நாளைக்கு.

5 அக்டோபர், ஞாயிறு
விஜயதசமி, நல்ல நாள். ஐந்தரைக்குக் கிளம்பினேன். முதல் கி.மீ. மேகத்தில் நடப்பது போல. இரண்டாவதில் கால் உள்பக்கம் வழுக்குகிறது. மூன்றாவதில் அதே எலும்பு, அதே இடம். உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முறுக்கினேன். ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டது. முட்டாள், முட்டாள், முட்டாள். சீட்டில் எழுதி இருந்ததே! பதின்மூன்று நாள்தான் இருக்கிறது. குளியலறையில் அழுதேன்.

6 அக்டோபர், திங்கள்
அரை நாள் லீவு. சேகர் ஆட்டோவில் கொண்டு போனார். விற்பனைக்காரன் பெட்டியைத் திறந்ததும் இரண்டு அடி பின்னால் போனான். “குங்குமம் பட்டுடுச்சு மேடம். யூஸ் பண்ண மால் ரிட்டர்ன் ஆகாது.” துடைத்துப் பார்த்தும் ஷூவின் துணியில் சிவப்பு ஊறியிருந்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ குரல். “உன் கல்லாப்பெட்டியப் பாரு, பொட்டு. ஷட்டர்ல பொட்டு. அந்த கால்குலேட்டர் மேல கூட பொட்டு. எல்லாம் பழசாயிடுச்சா? தூக்கிப் போடப் போறியா? நான் சீட்டு காட்டினேன். எல்லாம் ஒண்ணுன்னு சொன்னது யாரு?”

வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா, “கரெக்டா கேக்கறாங்க,” என்றார். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். சீட்டைப் படித்தார், பொட்டைப் பார்த்தார், விற்பனைக்காரனையும் பார்த்தார். “பூஜை மாடிதன்ன பேடா அன்னபாரது,” என்றார். பூஜை செய்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாதாம். “மாத்திக்கோம்மா.”

இந்த முறை நான் விடவில்லை. ஒவ்வொன்றையும் முறுக்கினேன். குதிகாலை நசுக்கினேன். ஆறு ஜோடி. ஐந்தாவதைப் போட்டுக்கொண்டு கடைக்கு வெளியே சந்தில் ஓடினேன், ஜூஸ் கடை வரை, திரும்ப. சேகர் நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து என் குதிகாலைப் பார்த்தார்.

“சாயுது. வேணாம்.”

ஆறாவது. சாம்பல் நிறம், அசிங்கமான அசிங்கம். உள்பக்கம் கட்டை மாதிரி கெட்டி. போய் வந்தேன். ஸ்கூட்டர்க்காரன் ஹாரன் அடித்தான். சேகர் எழுந்திருக்கவே இல்லை.

“இன்னொரு வாட்டி ஓடு.”

ஓடினேன்.

“நேரா நிக்குதுடி. ஆணி அடிச்சாப்ல நிக்குது!” ஹாரன்காரனிடமே சொன்னார்.

11 அக்டோபர், சனி
மழை. திங்கள் முதல் இன்று வரை: 3, 0, 4, 5, 0, 7 கி.மீ. வலி: கொஞ்சம், இல்லை, இல்லை, இல்லை, இல்லை, இல்லை. மேரி மேடத்துக்கு ஃபோன் செய்தேன். “அளவா ஓடு, ஆடாத,” என்றார். சரி மேடம். (ஆடினேன், சமையலறையில்.) ரேஷனுக்குப் போக மறந்துவிட்டேன்.

18 அக்டோபர், சனி
மைதானம் ஈரம், வானம் மூட்டம். ஒன்பது பேர். எல்லோரும் என்னை விடச் சின்னவர்கள். பசவராஜ் சார் ஸ்டாப்வாட்சோடு. “நோடோணா விஜயம்மா,” பார்க்கலாம் என்று சிரித்தார்.

பன்னிரண்டரைச் சுற்று. முதல் நாலு சுற்றில் கடைசி நான். வேண்டுமென்றே. ஏழாவதில் ஆறாவது இடம். ஒன்பதில் ஐந்து. சேகர் வேலிக்கு அந்தப்பக்கம் ஆட்டோ மேல் ஏறி நின்று கத்துகிறார். எலும்பு பேசவில்லை. அது எப்போது பேசும் என்று பதினோரு சுற்று காத்திருந்தேன், பேசவே இல்லை! அப்போதுதான் புரிந்தது, நான் பயந்து பயந்து ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று. விட்டேன் ஒரு ஓட்டம். நாலாவது. கடைசி வளைவில் ஸ்டோர்ஸ் செக்ஷன் ஷோபா திரும்பிப் பார்த்தாள். பார்த்தது தப்பு. மூன்றாவது.

மூச்சு வாங்க, முட்டியில் கை ஊன்றி நின்றேன். பசவராஜ் சார் லிஸ்டில் இரண்டு பெயர் எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கியபடியே நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“மூணாவது பேரு எழுதுங்க சார்.”

எழுதினார். “முந்தின வர்ஷனூ ஓடுத்தீரா?” அடுத்த வருடமும் ஓடுவீர்களா என்று.

“மேல இடம் விட்டு வைங்க சார். அடுத்த வருஷம் என் பேர முதல்ல எழுதணும்.”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வரும் வழியில் எனக்கு மசால் தோசை இரண்டு. சேகர் ஒரு வாய் கேட்டார், கொடுக்கவில்லை.