பச்சைப்பயறு அளவு

மார்ச் 2, 2024
எங்கள் தோட்டத்துக்கு மார்பகப் புற்றுநோய்ச் சோதனை வண்டி வருகிறது. நான் போட்ட ஒரு போனில் சிலிம் ரிவர் ஊரே ஆடிப்போயிருக்கும். சரி, போட்டது எங்கள் கிளினிக் நர்ஸ், மிஸி ஜோசலின். நம்பரைத் தேடிக் கொடுத்தது நான். ரயில் பெட்டி நீளமாம், உள்ளேயே எக்ஸ்ரேயாம்! ஈப்போவுக்குப் போக வழியில்லாத பெண்களைத் தேடி, இந்தச் செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே வருகிறது. பெரிய மனசு.

மார்ச் 9
வண்டி வந்தது. ரப்பர் காலத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிடுவது போல, பெண்கள் பேரை வரிசையாக மைக்கில் கூப்பிட்டேன். நாலு மைலுக்குக் கேட்டிருக்கும். ஒருத்தியும் வரவில்லை. கதவெல்லாம் சாத்திக்கொண்டது.

மிஸி ஓடி வந்தார். "அண்ணே, ஆம்பளைங்க முன்னாடி பேர் சொல்லிக் கூப்பிட்டா யாரு வருவா? மைக்கை வைங்க லா!"

என்னிடம் மைக்கைப் பிடுங்கிய முதல் ஆள். தில்லான பெண்.

அப்புறம் என் மனைவி கத்தரின் வீடு வீடாகப் போனாள். "எனக்குப் பயமா இருக்குக்கா, துணைக்கு வாங்க." அவளுக்கா பயம்? பத்தடி மலைப்பாம்பை விளக்குமாற்றால் விரட்டியவள்! (ஆறடி.) முதலில் கத்தரின் வண்டியில் ஏறினாள்; துணைக்கு வந்த பதினொரு பேரையும் மிஸி பேசிப் பேசியே ஏற்றிவிட்டார். மாரியம்மா அக்கா இறங்கும்போது, "இவ்வளவுதானா? இதுக்கா கதவைச் சாத்துனேன்?" என்றார்.

மார்ச் 10
கத்தரின் எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறாள்! எல்லாம் என் பயிற்சி.

மார்ச் 26
பதினொரு பேருக்கும் ஒன்றுமில்லை. கத்தரினை மட்டும் ஈப்போவுக்கு வரச் சொல்கிறார்கள்.

என்னா இது? தப்பாப் பாத்திருப்பாங்க. மிஸிகிட்ட கத்திட்டேன். அவங்க கோவிச்சுக்கல. "நானும் கூட வாரேன் அண்ணே"ன்னாங்க.

மார்ச் 27
எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 19
அறுவை சிகிச்சை முடிந்தது. டாக்டர் சுவர்ணா விரல் நுனியைக் காட்டினார். "கட்டி பச்சைப்பயறு அளவுதான். கைக்குத் தட்டுப்படுறதுக்கு முன்னாடியே வண்டி பிடிச்சிருச்சு. இனி மருந்து மட்டும்."

கட்டிலில் கத்தரின் சொன்னாள்: "அன்னிக்குச் சொன்னது பொய்யில்லைங்க. நெசமாவே பயந்தேன்."

பயந்துகொண்டே பதினொரு பேரைக் கூட்டி வந்திருக்கிறாள்.

ஜூன் 8
வண்டி அடுத்த தோட்டத்துக்கு வந்தது. மைக்கைத் தொடவில்லை. கத்தரின் முன்னால், நான் குடையோடு பின்னால். ஒரு வாசலில் அர்ச்சுனன் வழிமறித்தான்.

"அண்ணிக்கு எவ்வளவு பெருசா இருந்துச்சு அண்ணே?"

என்னைத் தெரிந்தவன். தேங்காய் என்பேன் என்று சிரிக்கத் தயாராக இருந்தான்.

"பச்சைப்பயறு அளவு," என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

அவன் மனைவி துளசி எங்களோடு கிளம்பச் செருப்பைத் தேடினாள்.