அவ பாத்து சொல்லட்டும்

என் செல்ல வாயாடிக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே. அப்பா நன்றாக இருக்கிறார். போன வாரம் தச்சுப் பட்டறையில் ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். மறுபடி எழுந்து நின்று உளியைப் பிடிப்பாரா என்ற பயத்தில் எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். மனுஷர் முழித்துக்கொண்டுதான் இருந்தார். உள்ளே வளைவாக ஒரு எக்ஸ்ரே மெஷின் உண்டாம். பெடலை மிதித்தால் எலும்பும் அதற்குள் போகிற கம்பியும் அப்படியே திரையில் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள். டாக்டரம்மா திரையைத் திருப்பி வைக்கவா என்று கேட்டதற்கு, இருக்கட்டும், நானும் பாக்குறேன் என்றாராம்.

சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அவர் உன் அப்பாவா? பாதி வேலையில், கம்பி சாயுற மாதிரி இருக்கேம்மா என்றிருக்கிறார். எக்ஸ்ரே எடுக்கும் பெண்தான் வெளியே வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். டாக்டரம்மா கோபப்படவே இல்லை. கையை நிறுத்தி, மெஷினைத் திருப்பிப் பக்கவாட்டிலும் பார்த்தாராம். சாய்ந்துதான் இருந்தது. ஆமாங்க, நல்லவேளை சொன்னீங்க என்று கம்பியை உருவி, மறுபடி நேராக இறக்கி, அதன் வழியாகவே எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணியைப் பொருத்தினாராம்.

வார்டுக்கு வந்த பிறகு உன் அப்பா உம்மென்று கிடந்தார். வலிக்குதா என்று கேட்டேன். அன்னிக்கு நான் செஞ்ச மாடிப்படி சாயுதுன்னு நம்ம பொண்ணு சொன்னா, ஆளுங்க முன்னாடி சொல்லிட்டாளேன்னு வீட்டை விட்டே போன்னுட்டேன், ரசமட்டம் வெச்சு சாய்வு இருக்கான்னுகூடப் பாக்கல என்றார். சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

நேற்று வாக்கரைப் பிடித்து ஜன்னல் வரை நடந்தார். வழியில் ஸ்டூலைப் போட்டது யார் என்று என்னைத் திட்டவும் செய்தார். பிழைத்துக்கொண்டார் என்று அப்போதுதான் நம்பினேன்.

இத்துடன் இரண்டு எக்ஸ்ரே படங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று முன்பக்கம், ஒன்று பக்கவாட்டு. டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கியவரும் அப்பாதான், அனுப்பச் சொன்னவரும் அவர்தான். உள்ள வெச்ச ஆணி நேரா இருக்கான்னு அவ பாத்து சொல்லட்டும் என்றார்.

பதிலைக் கடிதத்தில் எழுதிவிடாதே. வந்து சொல். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், கொஞ்ச நாள் இங்கே இருந்தும் நன்றாக இரு.

உன் அம்மா