ஒரே ஒரு வரன்

13.3.07, செவ்வாய்
பத்து மணிக்கே வெயில். பழங்காநத்தம் ஆபீசில் இரண்டு தடவை கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் வரன் தேடும் இணையதளத்தின் மேல் புகார். சமயநல்லூரிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா, நேரிலேயே வந்துவிட்டார். "மெட்ராஸ் ஆபீஸுக்குப் போன் போட்டா ஒரு மாப்பிள்ளை இருக்குங்கிறாக. ஒங்க தளத்தைத் தொறந்தா வரன் இல்லைன்னு வருது. எதைம்மா நம்புறது?" முதலாளி பாண்டி அண்ணன் என்னைக் கைகாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஏற்பாடு இதுதான்: பதிந்தவர்கள் விவரமெல்லாம் சென்னை சர்வரில். அது ஜாவா மொழியில் எழுதியது. கேட்டால் பொருந்தும் வரன்களைப் பட்டியலாக அனுப்பும். அதை வாங்கித் தளத்தில் காட்டுவது என் வேலை, பி.எச்.பி.யில். எட்டு மாதமாக ஓடுகிறது. தப்பு உங்கள் பக்கம்தான் என்று சென்னைக்கு மெயில் போட்டேன்.

வாங்க வேண்டியது: தயிர், அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, ரீசார்ஜ்.

வீட்டில் அக்கா வழக்கம்போல், "ஏதும் வந்துருக்கா?" நானும் வழக்கம்போல், "இல்லக்கா." அவளுக்கு முப்பத்தாறு. தளம் திறந்த அன்றே அவள் பெயரைப் பதிந்தது நான்தான்.

14.3, புதன்
தப்பு என்னுடையது.

சர்வர் அனுப்புவதை அப்படியே திரையில் கொட்டிப் பார்த்தேன். இரண்டு பேர், பத்துப் பேர் என்றால் பட்டியலாகக் கைக்கு வருகிறது. ஒரே ஒருவர் என்றால் பட்டியல் இல்லை, ஆள் மட்டும் தனியாக. நான் எழுதி வைத்திருந்தது: பட்டியல் வராவிட்டால் 'வரன் இல்லை' என்று காட்டு. சோதித்தபோது எல்லாருக்கும் மூன்று நான்கு வரன் போட்டுச் சோதித்திருக்கிறேன். தாராள மனசு.

எங்கள் சாதி ஆட்களில் ஒரு வரன் மிஞ்சுவதே பெரிய விஷயம். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி, ஆகாது. பிறகு நட்சத்திரம், வயது, படிப்பு. வீட்டிலேயே ஒருத்திக்குத் தேடிக்கொண்டு, இது எனக்குத் தோன்றவில்லை.

திருத்தம் மூன்று வரி. தனியாக ஒருவர் வந்தால் அவரை வைத்தே ஒரு பட்டியல் செய்துகொள். கால் மணி நேரம். பாண்டி அண்ணன் எட்டிப் பார்த்தார்: "இம்புட்டுத்தானா?"

இம்புட்டுத்தான்.

அப்புறம் அக்காவின் பதிவு எண்ணைப் போட்டேன்.

ஒருவர். பேரையூர். வயது 39. பள்ளிக்கூட வாத்தியார். பதிந்தது போன ஆகஸ்டில்.

அழுகை வரும் என்று பாத்ரூமுக்குப் போனேன். வரவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து மீதி வேலை. வீட்டில் இரண்டு தோசை. அக்கா கேட்டதற்கு அதே பதில்.

15.3, வியாழன்
மதியம் ஆபீஸ் மொட்டைமாடியிலிருந்து பேரையூருக்குப் போன். எடுத்தது அவர் அம்மா. தளத்திலிருந்து பேசுகிறேன் என்றேன்.

"இப்ப எதுக்கும்மா? போன மாசம் பரிசம் போட்டாச்சு. எங்க அண்ணன் மகதான். அவனுக்கு அம்புட்டா இஷ்டமில்ல. வாரவாரம் ஒங்க தளத்தைத்தான் பாத்துட்டுக் கெடந்தான். வரன் இல்ல, வரன் இல்லன்னே வந்துச்சு. ஆளே இல்லன்னா என்ன செய்யிறது?"

"சரிங்கம்மா."

இறங்கி வந்து அந்த வாத்தியாரின் பதிவு எண்ணையும் போட்டுப் பார்த்தேன். ஒருவர். அக்கா.

கால் சுட்டிருக்கிறது, மாடியில் செருப்பில்லாமல் நின்றிருக்கிறேன். அங்கே நின்றபோது தெரியவில்லை.

16.3, வெள்ளி
சமயநல்லூர்க்காரர் போன் செய்தார். வரன் தெரிகிறதாம். "நல்லா இரும்மா."

சாயங்காலம் அக்காவிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்கவில்லை. என் தப்பு, ஏழு மாதம், பேரையூர், பரிசம், அவரும் வாரவாரம் பார்த்தது, எல்லாம். திட்டட்டும் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும்.

"அப்ப ஒருத்தரு இருந்துருக்காரு" என்றாள்.

"ஆமாக்கா."

மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடித்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "அவரு பேரு..." என்று ஆரம்பித்தேன்.

"பேரச் சொல்லாத."