பின்னுக்கு வராத டாங்கி

யூன் 2, திங்கள்

இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என்னில் பிழை என்றால் அதையும் மறைக்காமல்.

இன்று அண்ணை தானாக வந்து என்னோடு கதைத்தார். அதுவே சந்தேகத்துக்குரியது. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் கேட்டது "தேத்தண்ணி போடுறியோ?" மட்டும்தான்.

பதினான்காம் திகதி யாழ்ப்பாணத்தில் ஒரு கணினி நிலையத்தில் டாங்கிச் சண்டை விளையாட்டுப் போட்டி. அணிக்கு நாலு பேர். இருவர் பெண்பிள்ளைகளாக இருக்க வேண்டும். முதற்சுற்றில் யாருடைய டாங்கி அழிகிறதோ, அவர் இரண்டாம் சுற்றில் விளையாட முடியாது. அண்ணை, இணுவிலில் இருக்கும் அவருடைய சிநேகிதன் தனோஜன், தனோஜனின் தங்கை நிவேதனா, பிறகு நான்.

"ஆரணி, உனக்கு லேசான டாங்கி ஒண்டு பாத்துத் தாறன்."

அப்பா பேப்பரிலிருந்து நிமிராமலே, "ஏன், கிணத்தடியிலை நிக்கிற தண்ணித் தாங்கி காணாதோ? ஆயிரம் லீற்றரடா," என்றார்.

நான் ஓம் என்றுவிட்டேன். இரண்டாம் சுற்றுவரை நிற்க வேண்டும். அது மட்டும்தான் என் ஆசை.

யூன் 3, செவ்வாய்

இது மற்ற விளையாட்டுகள் மாதிரி இல்லை. வண்டியை வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஒரு சின்னக் கண்ணாடி இடுக்கால் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான். கியரை நாமே மாற்ற வேண்டும், தூரத்தை நாமே கணிக்க வேண்டும். ஒரு குண்டு சரியாகப் பட்டால் கதை முடிந்தது.

அண்ணை எனக்குத் தந்தது லெப்பர்ட் என்ற ஜேர்மன் வண்டி. "புதுசாத் தொடங்கிற ஆக்களுக்கு இதுதான் நல்லது," என்றார். ஏன் என்று கேட்டேன். "சொன்னாச் செய்."

ஏன் என்று சொல்லாதவரை எப்படி நம்புவது?

யூன் 5, வியாழன்

விளையாட்டுக்குள் ஒவ்வொரு வண்டிக்கும் விபரப் பக்கம் இருக்கிறது. எல்லாவற்றையும் வாசித்தேன். நிவேதனாவுக்குக் கொடுத்திருக்கும் ரஷ்ய டி-55இன் பீரங்கிக் கோபுர முகப்பில் இருநூறு மில்லிமீற்றர் உருக்கு. என்னுடையதில் முன்பக்கம்கூட எழுபதைத் தாண்டவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவளுக்கு மெல்லிய வண்டியா? அவளுக்கு மட்டும் இரும்புக் கோட்டையா?

யூன் 6, வெள்ளி

டாங்கி இரைகிற சத்தத்தை அம்மாவால் தாங்க முடியவில்லை. "உந்தச் சத்தம் இந்த வீட்டுக்குள்ளை கேக்கக்கூடாது" என்றுவிட்டா. அதனால் அண்ணை காதில் ஹெட்செற் மாட்டிக்கொண்டுதான் தனோஜனோடு கதைக்கிறார். நான் பின்னால் புத்தகத்தோடு இருந்தேன். அண்ணையின் பாதிக் கதைதான் எனக்குக் கேட்டது. அதுவே போதும்.

"உவளை முன்னுக்கு விடுவம் மச்சான். மேட்டுக்கு அங்காலை இறங்கட்டும். அவங்கள் உவளுக்கு அடிக்கேக்கை நாங்கள் ரெண்டு பக்கத்தாலும் வருவம். பாவம், விளங்காது உவளுக்கு."

உவள்! அம்மா கோபத்தில் "உவள் எங்கை போட்டாள்?" என்று தேடுவது என்னைத்தானே. நான் தூண்டில் இரை. அதுதான் மெல்லிய வண்டி.

யூன் 7, சனி

அண்ணைக்குத் தேத்தண்ணி போடவில்லை.

யூன் 8, ஞாயிறு

அண்ணை முடி வெட்டப் போன நேரம் இரண்டு வண்டிகளையும் பயிற்சித் திடலில் ஓட்டிப் பார்த்தேன். டி-55 முன்னுக்கு நன்றாகப் போகிறது. ஆனால் பின்கியர் போட்டால், மணிக்கு ஏழு கிலோமீற்றர்! நான் ரியூசனுக்கு அவசரமாக நடக்கிற வேகம். லெப்பர்ட் பின்னுக்கு இருபத்தைந்தில் ஓடுகிறது. எட்டிப் பார்த்து, பிழை என்று தெரிந்தவுடன் ஒளிந்துகொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குகிறவள் பிழைவிடுவாள். அவளுக்கு வேண்டியது இரும்பு அல்ல, பின்கியர். அப்படியென்றால் அண்ணை எனக்கு நல்லதைத்தான் தந்திருக்கிறார். பிறகு ஏன் என்னை முன்னுக்கு விடுவது? எங்கேயோ இடிக்கிறது.

யூன் 9, திங்கள்

தமிழ்ப் பாடத்தில் சுட்டெழுத்துகள். அ, இ, உ. உகரச் சுட்டு இக்காலத்தில் வழக்கில் இல்லை என்று புத்தகத்தில் இருக்கிறது. சீலா ரீச்சர் சிரித்தா.

"சோதினையிலை அப்பிடியே எழுதுங்கோ. ஆனா வீட்டை போனா அம்மா 'உதென்னடி கையிலை?' எண்டுதான் கேப்பா. உது எண்டால் கேக்கிற ஆளுக்குக் கிட்ட இருக்கிறது."

கேட்கிற ஆளுக்குக் கிட்ட. அப்படியென்றால் 'உவள்' என்பதும்.

அண்ணை கதைத்தது தனோஜனோடு. நான் இருந்தது அண்ணைக்குக் கிட்ட. என்னைச் சொல்வதென்றால் 'இவள்' என்றிருப்பார். இணுவில் வீட்டில் தனோஜனுக்குப் பக்கத்தில் இருப்பவள் நிவேதனா.

ஒரு நிமிடம் சந்தோசப்பட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

யூன் 11, புதன்

நிவேதனாவுக்குப் போன் எடுத்துப் பின்கியர் விசயத்தைச் சொன்னேன். மேட்டுக்கு அங்கால் இறங்கவேண்டாம் என்றும் சொன்னேன்.

"நீர் ஏன் இதை எனக்குச் சொல்லுறீர்? தடிச்ச இரும்பு உள்ளதை நீர் எடுக்கவோ?"

"இல்லை, உண்மையா. உது பின்னுக்கு வராது."

"அப்ப உதை நீரே எடுமன். நான் லெப்பர்ட் எடுக்கிறன்."

நான் யோசித்த நேரம் அவளுக்கும் கேட்டிருக்கும். "பாத்தீரோ?" என்றாள்.

"ஓம், எடுக்கிறன்," என்றேன். அவள் நம்பவில்லை.

யூன் 13, வெள்ளி

சொல்லாமல் விட்டிருக்கலாமோ? எனக்கென்ன வந்தது?

யூன் 14, சனி

வண்டி தெரிவுசெய்யும்போது டி-55இல் அழுத்தினேன். நிவேதனா என் திரையைப் பார்த்தாள். பிறகு லெப்பர்ட்டை எடுத்தாள்.

"உனக்கென்ன விசரே?" என்று அண்ணை மெதுவாகக் கேட்டார். மாற்ற நேரம் இல்லை.

மேட்டில் ஏறி, கோபுரம் மட்டும் தெரியும்படி நிறுத்தினேன். மூன்று குண்டுகள் முகப்பில் பட்டுத் தெறித்தன. நான் வண்டியை அந்த இடத்தை விட்டு அரக்கவில்லை.

"அங்காலை இறங்கு!" என்று அண்ணை கத்தினார்.

"மாட்டன். இறங்கினாத் திரும்பி வரேலாது."

"ஆரணி, சொல்லுறன், இறங்கு!"

"நீங்கள் இறங்குங்கோவன்."

நிலையத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அண்ணை கோபத்தில் இறங்கினார். எதிரணி முழுக்க அவருக்கே அடித்து அவருடைய டாங்கியை அழித்தது. அந்த நேரத்தில் தனோஜனும் நிவேதனாவும் இரண்டு பக்கத்தாலும் வந்தார்கள். அண்ணை போட்ட திட்டம் அப்படியே பலித்தது. முதற்சுற்று எங்களுக்கு.

இரண்டாம் சுற்றில் நாங்கள் மூன்று பேர். முதலில் அழிந்தது நான். பக்கவாட்டைக் காட்டித் திரும்பிவிட்டேன், முழுக்க என் பிழை. அடுத்துத் தனோஜன். நிவேதனா கடைசிவரை பின்னுக்கும் முன்னுக்குமாக ஓடி ஓடி நின்றாள். தோற்றுத்தான் போனோம்.

வீடு திரும்பிய பண்டத்தரிப்பு பஸ்ஸில் அண்ணை வேறு சீற்றில் இருந்தார். சாப்பிட்ட பிறகுதான் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"உனக்கு நான் நல்லதைத்தானே தந்தனான்?"

"ஓம், தெரியும்."

"பிறகென்ன?"

"நிவேதனாவுக்கு?" என்றேன்.

அண்ணை சுவர்ச் சுவிச்சில் கை வைத்தார். நான் இன்னும் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தும், எட்டு மணிகூட ஆகாமலே, விளக்கை நூர்த்துவிட்டுப் போனார். இந்தக் கடைசி வரியைப் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.