மல்லி போலிருந்த இலை

அன்புள்ள அய்யாவுக்கு,

இமயமலையிலிருந்து முருகலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறார்களா? கரிசலில் மல்லி விதைத்தாயிற்றா? இங்கே சிக்னல் இல்லை. கீழே போகும் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

காட்டுச் செடிகளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பெயர் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. கூட வேலை பார்க்கும் அருப்புக்கோட்டை கோகுல், போன வாரம் ஓடைக்கரையில் ஓர் இளஞ்செடியைப் பிடுங்கி வந்தான்.

"மல்லி மாதிரியே இருக்கு, ரசத்துல போடுவமா?" என்று ஓர் இலையை மென்றான். கொஞ்ச நேரத்தில், "நாக்கு மரத்துப்போச்சு முருகு" என்றான்.

பூ இல்லாமல் புத்தகத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குக் கீழே போகும் ஜீப் வருவதற்குள் ஓடைக்கு ஓடினேன். அதே இலையோடு ஒரு செடி மேட்டில் பூத்து நின்றது. நீலப்பூ, மேலிதழ் முக்காடு போட்டதுபோல் இருந்தது. புத்தகத்தில் பார்த்தால், வச்சநாபி இனம். வேர் முதல் விதை வரை விஷம். பூவோடு ஒடித்துக்கொண்டு கோகுலோடு ஜீப்பில் ஏறினேன்.

"ஏதாச்சும் பேசிக்கிட்டே வா" என்றான். வேறொன்றும் தோன்றாமல், ஆஸ்பத்திரி வரை செடிப் பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனேன். டாக்டர் பூவைப் பார்த்ததும் வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார். இப்போது கோகுல் நன்றாக இருக்கிறான். கவலைப்பட ஒன்றுமில்லை.

மல்லி விதை கொஞ்சம் அனுப்புங்கள், டப்பாவில் போட்டுப் பார்க்கிறேன். ஆடு குட்டி போட்டதைக்கூட விடாமல் எழுதுங்கள்.

ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார். டவுனில் கோகுலின் அம்மா வைத்திருக்கும் கடைக்குப் போனால், அவன் வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிடுகிறான் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
முருகலட்சுமி