கிரீஸ் பட்ட தாள்

மாமா,

கை கழுவும் முன் இதைப் படியுங்கள். அதற்காகத்தான் குழாய்க்கு மேலே ஒட்டினேன்.

நான் கைவினை வகுப்புக்குப் போகிறேன். மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சட்னி அரைத்துவிட்டேன். மாடிவீட்டு நாகம்மாள் அக்கா வந்தால் துணி கிளிப்புகளைக் கொடுத்துவிடுங்கள். ஆல்பத்துக்காக நான் செய்த தாள்களைக் காயப்போட அவரிடம் இரவல் வாங்கியவை.

நேற்று மழையில் அந்தத் தாள்களை மொட்டைமாடியிலிருந்து அள்ளி வந்தது நீங்கள்தான். கம்பெனி கிரீஸ் கையோடு எடுத்தீர்களே என்று கத்திவிட்டேன். "நனையட்டும்னு உட்டுட்டு வந்திருக்கணும், இன்னா பேச்சு பேசறே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள்.

காலையில் கறையை மறைக்க நீல வாட்டர்கலர் பூசிப் பார்த்தேன். கிரீஸ் மேல் ஒட்டாமல் வண்ணம் விலகிக்கொண்டது. நீலத்துக்கு நடுவே உங்கள் விரல் ரேகை வரிவரியாகத் தெரிந்தது. நம் கல்யாண ஆல்பத்தில் முதல் போட்டோவுக்குப் பின்னால் அந்தத் தாளைத்தான் ஒட்டப்போகிறேன். வகுப்பில் என்ன சொல்வார்களோ தெரியவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

தேவிப்பிரியா

பி.கு. மேசையில் வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். கழுவாத அந்தக் கிரீஸ் கையை அதில் நன்றாக அழுத்தி வையுங்கள்.

இன்னொன்று: தோசை நான் வந்து சுடுகிறேன். பசியோடு படுத்துவிடாதீர்கள்.