உங்களுக்கு ஒரே கோடு, எனக்கு மட்டும் கிறுக்கல்

மட்டாஞ்சேரி, 1983

என் உயிரான செல்வி அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் உங்களை நினைத்து அழுதுகொண்டிருந்தவள், போன வெள்ளிக்கிழமையிலிருந்து உங்கள் மேல் வயிறெரிந்துகொண்டிருக்கிறேன். செத்துப்போன புருஷன்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன்.

செல்வியின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரைந்த படங்களைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். சுக்குக் கிடங்கில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, தலையில் ஒட்டிய தூசியோடு ஓடினேன். நம் பெண் இப்போது பத்தாவது. அவளுடைய படங்கள் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். ஒன்றின் கீழே அப்பா என்றும் இன்னொன்றின் கீழே அம்மா என்றும் மலையாளத்தில் எழுதியிருந்தாள். தமிழ் எழுத அவளுக்கு இன்னும் திணறல்தான்.

அப்பா படத்தில் நீங்கள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறீர்கள். காதுக்குப் பின்னால் தொடங்கி, கழுத்து, தோள், இடுப்பு என்று இறங்கி, குதிகால் வரை ஒரே கோடு. தோளில் கொஞ்சம் அழுத்தம், இடுப்பில் லேசு. முகம்கூட இல்லை, ஆனாலும் நீங்கள்தான். அந்தத் தோள் எனக்குத் தெரியாதா?

"கண்டோ சேச்சி, ஒற்ற வரயா! பென்சில் எடுத்திட்டே இல்ல!" என்றார் டிராயிங் டீச்சர். ஒரே கோடாம், பென்சிலைத் தூக்காமலே வரைந்துவிட்டாளாம். வருகிறவர்களையெல்லாம் அவர் உங்கள் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்தினார்.

என் படத்தைக் கேளுங்கள். கோட்டுக்கு மேல் கோடு, அதற்கு மேலும் கோடு. எனக்கு மூன்று முழங்கை. முந்தானை எது, முதுகு எது என்றே தெரியவில்லை. அதன் முன்னால் ஒருவர்கூட நிற்கவில்லை. ஆறு நாள் குழாய்க்கு ரோடு வெட்டிவிட்டு, ஏழாவது நாள் எங்களுக்கு முதுகைக் காட்டித் தூங்கிய மனுஷனுக்கு அந்த மரியாதை. காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டவளுக்குக் கிறுக்கல். நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டேன்.

"அப்பாவுக்கு ஒரே கோடு. எனக்கு மட்டும் என்னடி அத்தனை கோடு?"

"அப்பா உறங்கும்போ அசையவே மாட்டாரு. நீ எப்பம்மா ஒரு இடத்துல இருந்திருக்கே? கையை வரைய நோக்கினா, கை அடுப்புக்குப் போயிருக்கும். பின்னே நான் என்ன செய்ய? அது போன இடமெல்லாம் வரைஞ்சேன்."

"இப்ப இருக்கேன். வரை."

முக்காலியில் உட்கார்ந்தேன். மூக்கு அரித்தது, சொறியவில்லை. குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, எழுந்திருக்கவில்லை. உங்களைவிட அசையாமல் இருந்து காட்டவேண்டும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன்.

பென்சில் சத்தம் நின்றது. கோடு என் தோள்வரைதான் வந்திருந்தது. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"போதும்மா. எழுந்திரு."

"ஏண்டி, பாதிதானே ஆச்சு?"

"முடிக்க வேண்டாம். நீ அசையும்மா. கையைக் காலை ஆட்டும்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் தூக்கத்திலேயே போன அன்றைக்கு, சாயா ஆறுகிறது என்று உங்களை எழுப்ப நான் அனுப்பியது அவளைத்தானே. எத்தனை தடவை தொட்டு ஆட்டிப் பார்த்தாளோ பிள்ளை? அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

எழுந்தேன். குழம்பை இறக்கினேன், பாத்திரத்தை உருட்டினேன், ஒரு காரியமும் இல்லாமல் வீடு முழுக்க நடந்தேன். அழுகையும் மூக்கு உறிஞ்சலுமாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வேறு தாள் எடுத்தாள்.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். உங்களுடைய அந்த ஒற்றைக் கோடு இன்னும் கண்ணை உறுத்துகிறது. ஆனால் எனக்கு அது வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இனி அவள் கண்ணெதிரே ஒருநாளும் அசையாமல் உட்கார மாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் மனைவி,
செல்வி அம்மா